இரட்டைக் காவல்

ஜூன் 3, திங்கள்

நாலு மில்லுக்குக் காவல் போடுகிறவன் நான். பல்லடம் வட்டாரத்தில் சூப்பர்வைசர் சென்னியப்பன் வருகிறான் என்றால் எந்த கேட்டில் நிற்கிற செக்யூரிட்டியும் தொப்பியைச் சரிசெய்துகொள்வான். எங்கள் ஏஜென்சியில் எல்லாவற்றுக்கும் டூட்டி நோட்டு உண்டு. யார் உள்ளே போனார், யார் வெளியே வந்தார், எத்தனை மணிக்கு. பதினெட்டு வருடம் அதை எழுதிப் பழகிய கை இது. இனி வீட்டுக்கும் ஒரு நோட்டு போடலாம் என்று தோன்றியது. கம்ப்யூட்டரிலேயே எழுதுகிறேன். ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாறிக்கொள்கிறது.

காரணம் கருணாம்பிகை. என் மனைவி. போன மாதம் ஏழு நாள் காங்கேயத்தில் அவள் அப்பா வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஊர்ப் பெரியவர்கள் பேசித் திருப்பி அனுப்பினார்கள். "இன்னொருக்கா கை நீட்டுனீங்கன்னா புள்ளைய அனுப்ப மாட்டனுங் மாப்ள" என்று மாமனார் எல்லார் முன்னாலும் சொன்னார். தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவதால் என்ன குறைந்துவிடப் போகிறது? ஆனால் அந்த ஏழு நாளும் வீதியில் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. நாலு மில்லைக் காக்கிறவன் வீட்டில் ஒருத்தியைக் காக்க முடியவில்லை என்று பேசினார்கள். இன்னொரு தடவை அவள் போகக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு அவள் எம்பிராய்டரி டிசைன் போட்டுக் கொடுக்கிறாள். வீட்டிலிருந்தே வேலை. கம்ப்யூட்டரில் வரைந்து கம்ப்யூட்டரிலேயே அனுப்பிவிடுவாள். அவளுடைய போனை நான் வாங்கி வைத்துவிட்டேன். ஆக, வெளியுலகம் இந்தப் பெட்டி வழியாகத்தான் அவளிடம் வர முடியும். அதனால் காவலை இங்கே போட்டேன். மில்லில் தொழிலாளி மாதிரி ஒருவனை உள்ளே விட்டு வேவு பார்ப்போம். அவனை 'நம்ம ஆள்' என்போம். அது மாதிரி ஒரு புரோகிராம் இருக்கிறது. எந்த விசையைத் தட்டினாலும் குறித்து வைக்கும். ஆன்டிவைரஸ் அதைப் பிடிக்கப் பாய்ந்தது. இது நம்ம ஆள், விடு என்று அதன் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

கம்ப்யூட்டரைத் திறக்க அவளுக்கு ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. எனக்கு வேறு. நம்ம ஆள் குறித்து வைக்கிற இடத்தில் இரண்டு பெயரிலும் இரண்டு உறைகள், அதாவது ஃபோல்டர்கள், கிடக்கின்றன. நான் அவள் பெயர் போட்டதைத்தான் திறப்பேன். அவள் மாடியில் துணி காயப்போடுகிற நேரம் எனக்குப் போதும்.


ஜூன் 5, புதன்

காரணம்பேட்டைப் பக்கத்து மில்லில் இன்று கூத்து. அங்கே ஒரு செக்யூரிட்டி போதாது என்று இரண்டாவதாக ஒருவனைப் போட்டிருந்தேன். என் சட்டமே அதுதான். ஒருவனை நம்பிக் காவல் போடாதே, அவனைப் பார்க்க இன்னொருவன் வேண்டும். வந்தவன் முதல் நாளே நம்ம ஆளைப் பிடித்துவிட்டான். குடோனில் பதுங்கிப் பதுங்கி நடக்கிறான், திருடன்தான் என்று லத்தியால் முழங்கையை உடைத்துவிட்டான். எலும்பு வெளியே தெரிந்தது.

பழைய செக்யூரிட்டிக்கு நம்ம ஆளைப் பற்றிச் சொல்லியிருந்தேன். புதியவனுக்குச் சொல்ல விட்டுப்போயிற்று. ஆனாலும் அவனை நாலு அறை அறைந்தேன். கேட்காமல் எப்படி அடிக்கலாம்?


ஜூன் 7, வெள்ளி

அவள் உறையைத் திறந்து படித்தேன். முக்கால்வாசி வேலை சம்பந்தமானது. மயில், ரோஜாக்கொடி, நூல் கலர் நம்பர். கம்பெனியில் டிசைன் வாங்குகிற மாஸ்டருக்கு மட்டும் இப்படி எழுதியிருக்கிறாள்: "இன்னும் ரெண்டு நாள் வேணுங்க மாஸ்டர். உடம்பு சரியில்லை."

உடம்பு சரியில்லை என்று அவனிடம் ஏன் சொல்ல வேண்டும்? அவன் என்ன டாக்டரா?

கேட்டேன். எனக்கு எப்படித் தெரியும் என்று திகைத்துப் போனாள். பிறகு, "தேதி கேட்டாருங் மாமா. ஏதாச்சு காரணம் சொல்லோணுமில்லீங்களா" என்றாள். எதிர்ப்பேச்சு.

அறைக் கதவில் அவளுடைய வலது ஆள்காட்டி விரல் மாட்டிக்கொண்டது. தேக்குக் கதவு, கனம் அதிகம். இந்த இடத்தில் முதலில் வேறு மாதிரி எழுதினேன். அழித்துவிட்டேன். நோட்டு என்றால் சுத்தமாக இருக்க வேண்டும்.


ஜூன் 8, சனி

விரலுக்குக் கட்டுப் போட்டாயிற்று. டாக்டரிடம் கதவு என்றுதான் அவளும் சொன்னாள். நல்லவள்.


ஜூன் 11, செவ்வாய்

திரையின் மூலையில் ஒரு சிவப்பு எழுத்து வந்து போனது. கம்பெனியிலிருந்து வந்த ஏதோ ஒன்றில் கிருமி, தடுத்துவிட்டேன் என்றது ஆன்டிவைரஸ். தடுத்ததைச் சொல்கிறது. தடுக்காமல் விட்டதை யார் சொல்வார்கள்? மனசு கேட்கவில்லை. வேறு கம்பெனி ஆன்டிவைரஸ் ஒன்றையும் ஏற்றினேன். பழையதை எடுத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று திரையில் எச்சரிக்கை வந்தது. சரி என்பதைத் தட்டிவிட்டு மேலே போனேன். இரண்டாவது செக்யூரிட்டி வருகிறான் என்றால் முதலாவது செக்யூரிட்டிக்கு வயிறு எரியத்தான் செய்யும். அதையெல்லாம் பார்த்தால் காவல் போட முடியுமா?

இப்போது மூலையில் இரண்டு சின்னங்கள். கேட்டுக்கு இரு பக்கமும் இரண்டு பேர் நிற்கிற மாதிரி. பார்க்கப் பார்க்க நிம்மதியாக இருந்தது.

கருணாம்பிகை இடது கையால் வேலை செய்யப் பழகிவிட்டாள்.


ஜூன் 13, வியாழன்

பெட்டிக்கு இரண்டு பேர் இருந்தால் வீட்டுக்கும் இரண்டு பேர் வேண்டாமா? உடுமலையிலிருந்து என் அக்கா துளசிமணியை வரவழைத்துவிட்டேன். அவள் வீட்டுக்காரர் இறந்தபின் அவளும் தனியாகத்தான் இருக்கிறாள். வாசல் கேட்டுக்கு மாரண்ணன். எங்கள் ஏஜென்சியில் வயதான ஆள், சொன்னதைச் செய்வார்.

இருவரிடமும் தனித்தனியாகப் பேசினேன். அக்காவிடம், "கருணாவைப் பாத்துக்கோ. மாரண்ணனையும் ஒரு கண்ணு பாத்துக்கோ" என்றேன். மாரண்ணனிடம், "உள்ள இருந்து யாரு வெளிய போனாலும் பையத் தொறந்து பாருங்க. எங்கக்காவா இருந்தாலும் செரி" என்றேன்.

"அம்மிணி கோவிச்சுக்குமுங்க சார்" என்றார்.

"மில்லுல மொதலாளி மச்சான் பையவே பாக்கறமே, அவுங்க கோவிச்சுக்கறாங்களா?"

அக்காவுக்கு வாய் நீளம். வந்த அன்றைக்கே மாரண்ணன் பீடி பிடிக்கிறார் என்று ஒரு புகார். மாரண்ணனிடமிருந்து, அக்கா பக்கத்து வீட்டில் முக்கால் மணி நேரம் பேசினாள் என்று ஒரு புகார். இப்படித்தான் இருக்க வேண்டும். காவலாளிகள் சிநேகமாகிவிட்டால் மில் போயிற்று.


ஜூன் 15, சனி

கம்ப்யூட்டர் உறைந்துவிட்டது. காலையில் திறந்தால் அரை மணி நேரம் வட்டம் சுற்றுகிறது. உள்ளே விசிறி கிரைண்டர் மாதிரி இரைகிறது. அவள் நாலு நாளாகப் போட்ட மயில் டிசைனைக் காணவில்லை. திங்கட்கிழமை கொடுக்க வேண்டியது.

"நா ஒண்ணும் பண்ணலீங் மாமா. ரெண்டும் ஒண்ணையொண்ணு புடிச்சுக்குதுங்க. இது ஒரு ஃபைலத் தொறந்து பாக்கறப்பவே அதும் வந்து தொறக்குது. ரெண்டும் விடமாட்டேங்குது. எதையாச்சு ஒண்ண எடுத்துருங்க" என்றாள்.

எதை எடுக்க வேண்டும் என்று எனக்கு அவள் சொல்கிறாள். காவலை எடுக்கச் சொல்கிறவன் யார்? திருடன்தானே? வேலை கெட்டதற்கு சாக்குச் சொல்லிக் காவலை எடுக்கப் பார்க்கிறாள் என்று எனக்குச் சட்டென்று புரிந்தது. அவளேதான் எதையோ செய்து பெட்டியைக் கெடுத்திருக்க வேண்டும்.

கீபோர்டு உடைந்துவிட்டது. விசைகள் தரையெல்லாம் தெறித்தன. அவளே குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ஒன்று மட்டும் குறைந்தது. அவளுடைய கூந்தலில் சிக்கியிருந்ததை அக்கா பார்த்து எடுத்தாள். தண்ணீரில் கழுவித்தான் கொடுத்தாள்.

புது கீபோர்டு வாங்கி வந்து, முக்கால் மணி நேரம் காத்திருந்து, இதை எழுதுகிறேன். தட்டுகிற எழுத்து திரையில் வரவே நேரமாகிறது. இரண்டு வரி அழித்தேன். அழிவதற்கும் நேரமானது.


ஜூன் 17, திங்கள்

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்குப் போன் போட்டேன். "பொம்பள ஆளு இருந்தா அனுப்புங்க. ஆம்பளைன்னா வேண்டாம்" என்றேன். கடைக்காரம்மாவே வந்துவிட்டாள். பெயர் பரிதா. நாற்பது வயதிருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். மாரண்ணன் அவள் பையைத் திறந்து பார்த்தபோது, "நல்லாப் பாருங்கய்யா. உள்ள ஸ்க்ரூடிரைவரும் ஒரு வாழைப்பழமும் இருக்குது. பழம் வேணுமா?" என்று கேட்டாள். வாயாடி.

கருணாம்பிகையின் நெற்றிக் கட்டைப் பார்த்தாள். விரல் கட்டைப் பார்த்தாள். "என்ன கண்ணு இது?" என்றாள்.

"கதவுங் அக்கா."

"ரெண்டுமா?"

நான் இருமினேன். பரிதா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். மூலையில் இரண்டு சின்னங்களைப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டாள்.

"யாருங்க சார் ரெண்டு போட்டது?"

"நாந்தான். ஒண்ணு தூங்குனா இன்னொண்ணு முழிச்சிருக்கட்டும்னு."

"இது தூங்கறதில்லீங்க. ரெண்டும் முழிச்சிருக்கறதுதான் வம்பே. ரெண்டும் ஒரே வாசல்ல நிக்கோணும்னு அடிச்சுக்குது. ஒண்ணு கிருமியப் புடிச்சு ஒரு டப்பால போட்டு வெக்குது. இன்னொண்ணு அந்த டப்பாவத் தொறந்து, 'அட, இந்த ஊட்டுக்குள்ள கிருமி இருக்குது'ன்னு கத்துது. இந்த சண்டைல நெசமாலுமே திருடன் வந்தாக்கூட தெரியாது. ஒண்ணப் போதும் சார். நல்லதா ஒண்ணு."

"ரெண்டும் இருக்கட்டும். ஓட வெச்சுக் குடு."

என் முகத்தைப் பார்த்தாள். "பழைய ஒண்ணைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சுட்டு, புதுச முழுசாத் தேடச் சொல்றனுங்க. போட்டதுலிருந்து ஒருக்கா கூட அது தேடி முடிக்கல" என்றாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ரகளை. அக்கா கோயிலுக்குக் கிளம்பியிருக்கிறாள். தேங்காய்ப் பையைத் திறக்கச் சொல்லியிருக்கிறார் மாரண்ணன். "எந் தம்பி ஊட்டுல எம் பையத் தொறக்கறதுக்கு நீ யாருடா?" என்று அக்கா தேங்காயை ஓங்கிக்கொண்டு நின்றாள். நான் போய் நடுவில் நின்று இருவரையும் பிரித்து, அக்காவைச் சமாதானம் செய்து அனுப்பப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

திரும்பி வந்தேன். கருணாம்பிகை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதையோ படித்து முடித்தவள் மாதிரி இருந்தாள். பரிதா பக்கத்தில் நின்று அவள் தோளில் கை வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் கையை எடுத்தாள்.

"முடிஞ்சுதுங்க சார். புதுசு நல்லாத்தான் தேடிப் புடிச்சுது."

"என்ன புடிச்சுது?"

"பல ஊட்ல இருக்கறதுதானுங்க. வெளிய தெரியாது. இருந்த எடத்துலயே விட்டுருக்கறன். வேகம் வேணும்னா ஒண்ண எடுத்துருங்க." பையைத் தோளில் மாட்டினாள். "கண்ணு, மயில் ஃபைலும் கெடச்சிருச்சு. நீ சொன்ன வேலைய எப்ப வேணா முடிச்சுக்கலாம். பெட்டியோட கடைக்குக் கொண்டாந்தாலும் செரி. அடுத்த திங்கக்கெழம நா இந்தப் பக்கந்தான் வருவேன்."

பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோவதாவது. இங்கேயே ஓடுகிறதே.


ஜூன் 19, புதன்

வீட்டில் வெகு நாளுக்குப் பிறகு அமைதி. அரிசியும்பருப்பும் சாதம் செய்திருந்தாள், நெய் விட்டு. இன்று ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தாள். அடியாத மாடு படியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

அவள் உறையில் வேலை சம்பந்தமாக மட்டும்தான் இருக்கிறது. மாஸ்டருக்கு ஒரு வரி: மயில் அனுப்பிவிட்டேன். அவ்வளவுதான்.

சாப்பிடும்போது அக்காவைப் பற்றி அவளாகவே பேச்சுக் கொடுத்தாள். "நா சொன்னன்னு நங்கையாகிட்ட சொல்லீராதீங் மாமா. அவீக கோயலுக்குப் போறப்ப இப்பல்லாம் மாரண்ணன் பைய பாக்கறதே இல்லீங்க. பயந்துட்டாரு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மாரண்ணனும் பதினோரு மணிக்கு பீடி வாங்கப் போயிருவாருங்க. கேட்டு சும்மாதான் கெடக்குது" என்றாள்.

பாருங்கள், அவளே என் பக்கம் வந்துவிட்டாள். மாரண்ணனை அழைத்து நல்லபடியாகத் திட்டினேன். வெளியே போகிறவர்களின் மடியைக்கூடச் சோதிக்க வேண்டும் என்றேன். அக்காவிடம், பதினோரு மணிக்கு அந்த ஆள் கேட்டை விட்டு நகர்ந்தால் சீமாற்றை எடு என்றேன்.


ஜூன் 21, வெள்ளி

மாஸ்டர் என் போனுக்கே கூப்பிட்டான். "மயில் சூப்பருங்க. மேடத்துக்கு ரொம்ப நன்றி சொல்லீருங்க" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். எதற்கு ரொம்ப? வெறும் நன்றி போதாதா?

அவளிடம் கேட்டேன். என்னைப் பார்த்தபடி நின்றாள். பயப்படுவாள் என்று நினைத்தேன். பயமில்லாத பார்வை அது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. என் வீட்டில் என் முன்னால் பயப்படாமல் ஒருத்தி நின்றால் எனக்கு என்ன மரியாதை? அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "விடுடா சென்னீ, கண்ணு சொருகுது பாரு, செத்துப் போயிருவாடா" என்று கத்தினாள்.

ஒரு பத்தி முழுவதும் எழுதிவிட்டு அழித்தேன். எழுத வேண்டியது இவ்வளவுதான்: அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள்.

கழுத்துக்குச் சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு மாடிக்குத் துணி காயப்போடப் போயிருக்கிறாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவள் செத்துப்போயிருந்தால் நான் என்ன ஆவேன்?


ஜூன் 24, திங்கள்

இதை ஏஜென்சி டூட்டி நோட்டில் பேனாவால் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் இல்லை.

பதினொன்றே காலுக்கு மில்லில் இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். "ஏனுங், உங்கூட்டு வாசல்ல கொலை உழுகுதுங்க, ஓடியாங்க." வண்டியை முறுக்கிக்கொண்டு வந்தேன்.

வீதியே கூடியிருந்தது. கேட்டுக்கு உள்ளே சிமெண்டுத் தரையில் ரத்தம். நடந்தது இதுதான். பதினோரு மணிக்கு மாரண்ணன் கேட்டை விட்டு ஓரடி வைத்திருக்கிறார், பீடிக்கு. அக்கா சீமாற்றோடு பாய்ந்திருக்கிறாள். "காவலு போட்டா கடைக்குப் போறியாடா நாயே!" அவர் அடியை வாங்கிக்கொண்டு, "மொதல்ல நீ மடியக் காட்டு, சாரு சொல்லீருக்காரு" என்று அவள் கையைப் பிடித்துவிட்டார். விதவையின் மடியில் கை வைத்தான் என்று அக்கா ஊரைக் கூட்டியிருக்கிறாள். பிறகு சீமாறு போய் அம்மிக் குழவி வந்திருக்கிறது, லத்தி வந்திருக்கிறது. மாரண்ணனின் காது பாதி பிய்ந்து தொங்கியது. அக்காவின் மணிக்கட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது. நான் போனபோதும் இருவரும் விடவில்லை. அவள் அவருடைய சட்டைக் காலரையும் அவர் அவளுடைய முடியையும் பிடித்தபடி தரையில் கிடந்தார்கள்.

"இவதான் திருடி சார்!"

"இவந்தான்டா திருடன்!"

லத்தியைப் பிடுங்கி மாரண்ணனை அடித்தேன். எத்தனை அடி என்று தெரியவில்லை. மூன்று பேர் சேர்ந்து என்னைப் பிடித்தார்கள். அறுபத்திரண்டு வயது மனிதர், "நீங்க சொன்னதைத்தானுங்க சார் செஞ்சேன், நீங்க சொன்னதைத்தானுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. கருணாம்பிகை எங்கே?

உள்ளே ஓடினேன். பின்கதவு திறந்திருந்தது. மேசை மேல் திரை இருந்தது, புது கீபோர்டு இருந்தது. பெட்டி இல்லை. அது இருந்த இடத்தில் தூசி படாத ஒரு கட்டம். வயர்களைச் சுருட்டி எம்பிராய்டரி நூலால் கட்டி ஓரமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவசரமாகப் போனவள் கட்டிய கட்டு இல்லை அது.

பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன். "பொறவால வீதில ஆட்டோ நின்னுதுங்க. கண்ணாடிய கவுத்துல கோத்துப் போட்ட ஒரு அம்மா. உங்க சம்சாரம் ஒரு பொட்டியக் கொழந்தையாட்ட மடில வெச்சுட்டுப் போச்சுங்க."

"ஏன் தடுக்கலை?"

"எல்லாரும் முன்னால சண்டைய பாக்கத்தானுங்க ஓடிட்டு இருந்தோம்."


ஜூன் 25, செவ்வாய்

மகளிர் காவல் நிலையத்தில், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வக்கீல் வரும்வரை உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். நோட்டும் பேனாவும் சட்டைப் பைக்குள் இருந்தன, யாரும் வாங்கவில்லை. என்னைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு பெண் போலீஸ்தான் நிற்கிறாள்.

காலையில் வரச் சொன்னபோது குடும்பத் தகராறுதானே, பேசித் தீர்த்துவிடலாம் என்றுதான் வந்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்தேன். உள்ளே மாமனார் இருந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. பரிதா இருந்தாள். நடுவில் கருணாம்பிகை. கழுத்தில் சேலைத் தலைப்பு இல்லை. என் ஐந்து விரலும் அங்கே கறுத்து நின்றன. மேசை மேல் என் வீட்டுப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. ஒன்றை எடுத்துவிட்டார்களாம்.

"இவ சொல்றதெல்லாம் பொய்யிங்க மேடம். விரலு கதவுல மாட்டுனது. டாக்டர் சீட்டே இருக்குது" என்றேன்.

இன்ஸ்பெக்டர் அம்மா ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார். "கதவுதானா? உங்க பேர்ல ஒரு உறை இருந்துச்சுங்க இதுல. நீங்க போட்ட புரோகிராம்தான். அவங்களை மட்டும் எழுதி வெக்கும்னு நினைச்சீங்களா? இந்தப் பெட்டில யார் தட்டினாலும் எழுதும். இந்தம்மா கடையில அச்சு எடுத்துக் குடுத்தாங்க. ஆங்கில எழுத்துல இருக்கு, மெதுவாத்தான் படிக்க வருது."

படித்தார். "ஜூன் ஏழு. 'விரலைக் கதவிடுக்கில் வைத்து அழுத்தினேன், கத்தவில்லை, அதனால் இன்னும் அழுத்தினேன்.' இதுவரைக்கும் தட்டியிருக்கீங்க. அப்புறம் அழிக்கிற விசை. நூத்திப் பதினாலு தடவை. அதுக்கப்புறம், 'மாட்டிக்கொண்டது'."

காகிதத்துக்குக் கை நீட்டினேன், அவர் தள்ளி வைத்துக்கொண்டார்.

"ஜூன் பதினஞ்சு. 'கீபோர்டால் தலையில் மூன்று தடவை.' அழிச்சிருக்கீங்க. ஜூன் இருபத்தொண்ணு. இது ஒரு பத்தி. நானே சத்தமா படிக்க வேண்டாம்னு பாக்கறேன். கடைசி வரி மட்டும் படிக்கறேன். 'செத்தால் சாகட்டும், போகாமல் இருந்தால் சரி.' இதையும் அழிச்சிருக்கீங்க. அப்புறம், 'தண்ணீர் கொடுத்தேன்'."

மாமனார் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். கருணாம்பிகைதான் பேசினாள். குரல் கரகரத்து வந்தது, கழுத்து இன்னும் சரியாகவில்லை.

"ஏனுங் மாமா, பொட்டிக்கு ரெண்டு காவலு போட்டீங்க. வாசலுக்கு ரெண்டு காவலு போட்டீங்க. எனக்குன்னு ஒண்ணு போட்டீங்களா?"

நான் அவளைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரைத்தான் பார்த்தேன். பதினெட்டு வருடம் நோட்டு எழுதியவன், நோட்டில் இல்லாதது நடக்கவில்லை என்று மில்லில் எத்தனை பேரிடம் வாதாடியிருக்கிறேன்.

"இதெல்லாம் நீங்க தட்டினதுதானா?" என்று கேட்டார்.

"அதையெல்லாந்தான் அழிச்சுட்டனுங்களே மேடம்" என்றேன்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த எழுத்தர் தலை நிமிரவில்லை. அதையும் எழுதிக்கொண்டாள்.